ஆழமற்ற மண்ணுக்கேற்ற உருண்டைக் கரட்: தோட்டத்திலும் சாடியிலும் பயிரிடும் முறை

கரட்டுப் பாத்தியிலிருந்து முதற் கிழங்கைப் பிடுங்கும் வேளையே கமக்காரரின் உழைப்புக்குத் தீர்ப்புக் கிடைக்கும் வேளையாகும். மேலே இலை செழித்து நிற்கும். மூன்று மாதமாக நீர் வார்த்துக் களை பிடுங்கியிருப்பார். விதைக்குக் கொடுத்த பணமும் சிறிதன்று. எனினும் பிடுங்கிப் பார்க்கையில், கிழங்கு இரண்டு மூன்று கால்களாகப் பிரிந்து, முறுக்கிக்கொண்டு வருவதுண்டு. உண்பதற்கு அதிற் குறைவொன்றும் இல்லை. ஆயினும் வியாபாரி அதனைத் தராசில் ஏற்றாது ஒதுக்கிவிடுவார். இவ்வாறான வேளைகளிற் கமக்காரர் சிலர் விதையைக் குறை கூறுவர். சிலர் மழையைக் குறை கூறுவர். பெரும்பாலும் குறை மண்ணிலேயே இருக்கும். வேர் இறங்க வேண்டிய ஆழத்துக்கு மண் இடங்கொடுக்கவில்லை என்பதே உண்மை.

ஆழமான, கல்லற்ற, பொலபொலப்பான மண் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நெல் விளையும் வயல்களிற் சேற்றுழவினால் உண்டான கடினப்படை சில அங்குல ஆழத்திலேயே காணப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சில இடங்களிற் சுண்ணாம்புப் பாறை மேற்பரப்புக்கு மிக அண்மையிற் கிடக்கின்றது. தோட்டப் பகுதிகளில் லயத்தின் முன்னே உள்ள ஒடுங்கிய துண்டு நிலம் கல்லும் களியும் கலந்ததாயிருக்கும். நகரத்திலோ முற்றமே சீமெந்தாகிவிட்டது. இத்தகைய இடங்களில் நீண்ட கரட்டுக்காக நிலத்தோடு போராடுவதிலும், அந்நிலத்துக்கேற்ற கரட்டைத் தெரிந்தெடுத்தல் நன்று. உருண்டைக் கரட் அத்தகையது. அதனை வளர்க்கும் முறையையும், அதனிடத்தில் எதிர்பார்க்கத் தக்கது எது, தகாதது எது என்பதையும் இப்பிரசுரம் விளக்குகின்றது.

உருண்டைக் கரட்டின் வரலாறு

கரட் மத்திய ஆசியப் பகுதியிலிருந்து பரவிய பயிர். முதலில் ஊதா, மஞ்சள் நிறங்களையுடைய கிழங்குகளே பயிராகின. இன்று நாம் காணும் செம்மஞ்சட் கரட் பிற்காலத்தில் ஐரோப்பாவிற் பெருகியதாகும். உருண்டை வடிவமுடைய சிறு கரட் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரான்சு நாட்டிற் பெயர்பெற்றது. பாரிசு நகரைச் சூழ்ந்திருந்த காய்கறித் தோட்டக்காரர், குளிர்காலத்திலும் நகருக்குக் கரட் அனுப்ப விரும்பினர். அவர்கள் குதிரைச் சாணத்தைக் குவித்து, அதன் மேற் சில அங்குலத்துக்கு மட்டும் நல்ல மண்ணைப் பரப்பி, கண்ணாடிச் சட்டங்களால் மூடினர். சாணம் மக்கும்போது எழும் வெப்பம் பயிரைக் குளிரிலிருந்து காத்தது. ஆனால் அந்த மெல்லிய மண்படையில் நீண்ட கிழங்கு வளர இடமில்லை. ஆதலால் மேலேயே திரண்டு விரைவில் முதிரும் குட்டைக் கரட்டுகளை அவர்கள் விரும்பித் தெரிந்து வளர்த்தனர்.

இன்றும் உலகெங்கும் விற்கப்படும் "பாரிசு மாக்கற்று" என்னும் இனம் அம்மரபைச் சேர்ந்ததே. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டிற் புதிய இனங்களுக்கான பரிசைப் பெற்ற "தம்பெலினா" என்பதும் உருண்டை இனமாகும். இவ்வினங்களின் கிழங்கு 1 முதல் 2 அங்குலம் வரை விட்டமுடையது. ஆழமற்ற மண்ணிற் பிழைப்பதற்கென்றே தெரிந்தெடுக்கப்பட்ட பயிராதலால், சாடியும் பெட்டியும் அதற்குப் புதிய இடமல்ல.

நம் நாட்டுச் சந்தைகளுக்காக வளர்க்கப்படும் கரட் பெரும்பாலும் நீண்ட இனத்தைச் சேர்ந்தது. உருண்டை இன விதை எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. அது கிடையாதவிடத்து, குட்டையாயும் தடிப்பாயும் வளரும் "சன்ரனே" போன்ற இனத்தைப் பயிரிடலாம். ஆனால் அதற்கு 8 முதல் 10 அங்குலம் வரை இளகிய மண் வேண்டும். ஏனைய முறைகள் யாவும் இரண்டுக்கும் பொதுவானவையே.

வேர் வளரும் விதம்

கரட் விதை முளைத்ததும் முதலிற் செய்யும் வேலை வேரைக் கீழே அனுப்புவதாகும். இலை இரண்டொன்று மட்டும் தோன்றியிருக்கும் வேளையிலேயே ஆணிவேர் வெகுதூரம் இறங்கிவிடும். நீண்ட இனங்களிற் கிழங்கின் நீளம் முளைத்த முதற் சில வாரங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றது. அதன் பின்னர் நிகழ்வது பருத்தலே. அவ்வாரங்களில் வேர்நுனி கல்லில் மோதினாலும், இறுகிய மண்ணைத் துளைக்க இயலாது நின்றாலும், மக்காத எருவிற் பட்டுக் கருகினாலும், தேங்கிய நீரில் அழுகினாலும், பக்கவேர்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கால் பிரிந்த கிழங்கு உண்டாவது இவ்வாறே. மூன்றாம் மாதத்திற் காணும் குறை முதல் மாதத்தில் நேர்ந்ததாகும். பின்னர் எவ்வளவு பசளை இட்டாலும் அதனைத் திருத்த இயலாது.

உருண்டை இனத்திலும் மெல்லிய ஆணிவேர் கீழே செல்லத்தான் செய்யும். ஆனால் உணவு சேமிக்கப்படும் பகுதி மேற்பரப்பை ஒட்டியே திரளுகின்றது. கீழே சென்ற வால்வேர் தடைப்பட்டாலும் மேலேயுள்ள உருண்டைக்கு அதனாற் பெருங்கேடில்லை. ஆழம் குறைந்தாலும் இப்பயிர் பொறுத்துக்கொள்ளும் என்பதன் காரணம் இதுவே. எனினும் மேல்மண் காய்ந்து போவதையும், செடிகள் நெருங்கி நிற்பதையும் அது பொறுக்காது. இவ்விரண்டையும் மறவாதவர் உருண்டைக் கரட்டில் ஏமாற்றம் அடையார்.

காலநிலையும் பருவமும்

கரட் குளிர்ச்சியை விரும்பும் பயிர். 16 முதல் 21 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையிற் கிழங்கு நல்ல நிறமும் இனிப்பும் பெறும். வெப்பம் மிகுந்தால் நிறம் வெளிறி, சுவை குறைந்து, நார் மிகும்.

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை முதலிய மலைப்பகுதிகளில் நீர்வசதி இருப்பின் ஆண்டின் பெரும்பகுதியிலும் பயிரிடலாம். விதைத்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் பெருமழை கொட்டும் காலத்தை மட்டும் தவிர்த்தல் வேண்டும். மழைத்துளி விதையை அடித்துச் செல்வதோடு, மேல்மண்ணைத் தோல்போல் இறுகச் செய்தும் விடும். உயர்ந்த இடங்களிற் தை, மாசி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளிற் பாத்திகளை வைக்கோலால் அல்லது சாக்கினால் மூடிக் காக்க வேண்டும்.

சமவெளிகளில், சிறப்பாக யாழ்ப்பாணத்தில், கரட்டுக்குக் கிடைக்கும் குளிர்காலம் மிகக் குறுகியது. ஐப்பசி, கார்த்திகை மாதப் பெருமழை ஓய்ந்ததும் மார்கழியில் விதைத்து, மாசி முடிவதற்குள் அறுவடை செய்தல் வேண்டும். நீண்ட இனங்கள் 90 நாளுக்கு மேலும் நிலத்தில் நிற்பனவாதலால், அவற்றின் கடைசி மாதம் வெயிலில் அகப்பட்டுவிடும். உருண்டை இனங்கள் 55 முதல் 70 நாள்களில் முதிர்வதால் அக்குறுகிய பருவத்துள் அடங்கிவிடுகின்றன. அங்கு விளையும் கிழங்கு மலைநாட்டுக் கிழங்கைப் போன்ற நிறம் பெறாது. வீட்டுத் தேவைக்கு அது குறையாகாது. பங்குனிக்குப் பின்னர் சமவெளியில் விதைப்பது விதைக்கும் நீருக்கும் நட்டமே.

தோட்டத்திற் பாத்தி அமைத்தல்

பாத்தியை 3 அடி அகலத்திலும், நிலமட்டத்திலிருந்து 6 அங்குலம் உயர்த்தியும் அமைத்தல் வேண்டும். பாத்தியின் நடுவை இரு பக்கத்திலிருந்தும் கையால் எட்டக்கூடியதாயிருப்பின், பாத்திக்குள் மிதித்து மண்ணை இறுக்க நேராது. நெல் அறுத்த வயலிற் பயிரிடுவோர் கடினப்படையை உடைக்க முயன்று மாடும் நாளும் வீணாக்க வேண்டியதில்லை. அதன் மேலுள்ள மண்ணைக் கூட்டிப் பாத்தியை உயர்த்திக்கொண்டு, பாத்திகளுக்கிடையே வடிகால் வெட்டினாற் போதும். உருண்டைக் கரட்டுக்கு வேண்டிய ஆழம் அவ்வளவே. எனினும் வயலின் வடிகால் அடைபட்டுக் கிடக்குமாயின், பாத்தி உயர்ந்தும் பயனில்லை.

மேல் 6 அங்குல மண்ணை மட்டும் மிகக் கவனமாகப் பண்படுத்துக. மண்கட்டிகளை உடைத்து, கற்களையும் பழைய வேர்களையும் பொறுக்கியெடுத்து, இயலுமாயின் விதைக்கும் மேற்படையை அரிதட்டில் அரித்துக்கொள்க. நன்றாக மக்கிய கூட்டெருவைச் சதுர யாருக்கு ஒரு வாளி வீதம் கலக்கலாம். மக்காத சாணத்தையோ கோழி எருவையோ இடுதல் கூடாது. அவ்வாறு இட்டாற் கிழங்கிற் கால் பிரிவதுடன் மயிர்போன்ற வேர்களும் அடர்ந்து தோன்றும். முந்திய பயிருக்கு எரு இட்ட பாத்தியிற் கரட்டை விதைத்தல் எல்லாவற்றிலும் சிறந்தது.

மண்ணின் அமிலத்தன்மை பீ.எச். 6.0 முதல் 6.8 வரை இருத்தல் நன்று. மலைநாட்டு மண் பெரும்பாலும் அமிலம் மிகுந்தது. மண்ணைப் பரிசோதித்து வேண்டிய அளவு தொலமைற்று இடலாம். சுண்ணாம்பு நிறைந்த யாழ்ப்பாண மண்ணுக்குச் சுண்ணாம்பும் வேண்டியதில்லை. அடுப்புச் சாம்பலைத் தாராளமாக அள்ளிப் போடுவதும் கூடாது.

சாடிகளும் பெட்டிகளும்

நீண்ட கரட்டுக்கு ஓரடி ஆழமுள்ள பாத்திரம் வேண்டும். உருண்டைக் கரட்டுக்கு 6 அங்குல மண் போதும். 8 அங்குலமாயின் ஈரம் நீடித்து நிற்கும். ஆழத்திலும் அகலமே இங்கு பயனுடையது. பழைய மரப்பெட்டி, உடைந்த பேசின், நீளவாக்கிற் பிளந்த பரல், மீன் வரும் றெஜிபோம் பெட்டி, மேற்பகுதியை மடித்துவிட்ட பசளைச் சாக்கு ஆகியவற்றுள் எதுவும் உதவும். மீன்பெட்டியாயின் உப்பு நீங்கப் பலமுறை கழுவுக. அடியில் விரற்கனமான துளைகளை அரை அடிக்கு ஒன்றாக இட்டு, இரண்டு செங்கற்களின் மேற் பாத்திரத்தை வைத்தல் வேண்டும். தரையோடு ஒட்டியிருப்பின் துளை அடைபட்டு நீர் தேங்கும். பீடைநாசினி இருந்த கலன்களை எவ்வளவு கழுவினாலும் உணவுப் பயிர் வளர்க்க ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

மணல் கலந்த தோட்டத்து மண் 2 பங்கு, அரித்த கூட்டெரு 1 பங்கு, தும்புத்தூள் அல்லது கருக்கிய உமி 1 பங்கு என்னும் கலவை ஏற்றது. தனிக் களிமண்ணைச் சாடியில் இட்டால் அது செங்கல்லாக இறுகும். தும்புத்தூளை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பின்னரே சேர்த்தல் வேண்டும். அதில் உப்பு இருத்தல் கூடும். காய்கறிப் பயிர்களுள் உப்பைச் சிறிதும் தாங்காதவற்றிற் கரட் ஒன்று. கரையோரக் கிராமங்களிற் கிணற்று நீர் உவர்ப்பாயின் மழைநீரைச் சேமித்து வார்ப்பதே வழி.

சாடியை நாளொன்றுக்கு 6 மணிநேரமாயினும் வெயில் படும் இடத்தில் வைக்க. சமவெளியில் மாலை வெயில் சுடாத கிழக்குப் பக்கம் நன்று.

விதையைச் சோதித்தல்

கரட் விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் ஏறக்குறைய 800 விதைகள் அடங்கும். நாட்டுக்கு வேண்டிய விதையிற் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதால் விலையும் உயர்ந்தது. சேமித்து வைத்த விதை இரண்டு மூன்று ஆண்டுகளுள் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஈரமும் வெப்பமும் உள்ள வீட்டில் அதற்கு முன்னரே இழக்கும். ஆதலால் விதைப்பொதியிலுள்ள திகதியைப் பார்த்தே வாங்குக.

பழைய விதையாயின் அதனிற் 50 விதைகளை எண்ணி, ஈரத்துணியிற் பரப்பிச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாது வைத்திருக்க. இரண்டு வாரத்துள் 30க்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். 15 மட்டும் முளைத்தால் இருமடங்கு விதை வேண்டும். அதற்கும் குறைந்தாற் புதிய விதை வாங்குதலே இலாபம். இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒரு சிறு துணியே. அதனைச் செய்யாது விட்டவர் வெறும் பாத்திக்கு மூன்று வாரம் நீர் வார்த்து, பருவத்தையும் இழப்பர்.

விதைத்தல்

கரட்டை நேரடியாக நிற்கும் இடத்திலேயே விதைத்தல் வேண்டும். பாத்தியை முதல்நாள் நன்றாக நனைத்து வைக்க. மறுநாள் 6 அங்குல இடைவெளியில், கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை ஆழமான சால்களைக் கோலினாற் கீறுக. சாடியிற் சால்களுக்கிடையே 4 அங்குலம் போதும். விதையை அதன் நாலைந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்திற் குவியாது. பின் அரித்த கூட்டெருவினால் மெல்லிதாக மூடி, உள்ளங்கையால் இலேசாக அழுத்துக. ஆழமாகப் புதைந்த விதை மேலே வாராது.

உருண்டை இனத்துக்குரிய சலுகை ஒன்றுண்டு. நீண்ட கரட் நாற்றை மாற்றி நட்டால் வேர் வளைந்து கெடும். உருண்டைக் கரட்டையோ சிறு கிண்ணங்களில் 3 அல்லது 4 விதை வீதம் இட்டு, இரண்டு மெய்யிலைகள் தோன்றியதும் மண்ணோடு கலையாமல் எடுத்து, கூட்டமாகவே நடலாம். கிழங்குகள் பருக்கும்போது ஒன்றையொன்று மெல்ல விலக்கிக்கொண்டு வளரும். இவ்வாறு நடுவோர் கூட்டங்களுக்கிடையே 6 அங்குலம் விடுதல் வேண்டும். பெருமழையால் நேரே விதைக்க இயலாத காலத்தில் இம்முறை உதவும். நாற்று முதிர்ந்து வேர் கிண்ணத்தைச் சுற்றிக்கொள்ளும் வரை தாமதித்தல் கூடாது.

முதல் இரண்டு வாரம்

கரட் விதை முளைக்க 7 முதல் 21 நாள் வரை செல்லும். இக்காலத்தில் மேல் அரை அங்குல மண் ஒரு நாளேனும் முற்றாகக் காய்ந்தால், உள்ளே முளை விட்ட விதை மடிந்துபோகும். பெரும்பாலான தோல்விகள் இங்கேயே நேர்கின்றன. விதைத்தவர் ஏழு நாள் ஒழுங்காக நீர் தெளித்து, ஒன்றும் காணாது சலித்து, எட்டாம் நாள் கைவிட்டுவிடுவார். முளை வெளிவருவதற்கு இருந்தது அந்த எட்டாம் நாளாயிருத்தல் கூடும்.

விதைத்ததும் பாத்தியை ஈரச் சாக்கினால் அல்லது கிடுகினால் மூடிவைத்தால் ஈரம் நிலைக்கும். எறும்பும் மழைத்துளியும் விதைக்குத் தீங்கு செய்வது குறையும். ஐந்தாம் நாள் முதல் நாள்தோறும் காலையில் தூக்கிப் பார்த்து, முதல் முளை தோன்றிய அன்றே மூடியை அகற்றுக. ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். பூவாளியால் மென்மையாகக் காலையும் மாலையும் நீர் தெளிக்க. குழாயினால் அல்லது வாளியால் ஊற்றினால் விதை ஓரிடத்தில் ஒதுங்கும். சாலின் ஓரத்தில் இடையிடையே முள்ளங்கி விதையொன்றை இட்டால், அது நாலைந்து நாளில் முளைத்துச் சால் இருக்கும் இடத்தைக் காட்டும். களை பிடுங்கும்போது கரட் முளையையும் சேர்த்துப் பிடுங்கும் தவறு இதனாற் தவிரும்.

ஐதாக்கல்

கமக்காரர் பலரும் மனமின்றிச் செய்யும் வேலை இதுவே. விலை கொடுத்து வாங்கிய விதை, நாள்தோறும் நீர் தெளித்து வளர்த்த நாற்று. அதனைத் தம் கையாலேயே பிடுங்கி எறிவதற்கு எவருக்கும் மனம் வராது. ஆயினும் இரண்டு செடிகள் ஓரிடத்தில் நெருங்கி நின்றால் இரண்டும் வால்போல் மெலிந்தே நிற்கும். நீண்ட கரட் கீழ்நோக்கிச் சென்று ஒருவாறு பிழைத்துக்கொள்ளும். பக்கவாட்டிற் திரளும் உருண்டைக் கரட்டுக்கோ அயற்செடி விட்ட இடமே அதன் பருமன்.

செடிகள் 2 அங்குலம் உயர்ந்ததும் ஓரங்குலத்துக்கு ஒன்றாக விட்டு ஏனையவற்றை நீக்குக. ஐந்தாம் வாரமளவில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்து, 2 அங்குல இடைவெளி ஆக்குக. இரண்டாம் முறை எடுப்பவை சுண்டுவிரற் பருமனாயிருக்கும்; அவை கறிக்கு உதவும் ஆதலால் நட்டமில்லை. மாலையில், நீர் தெளித்த பின்னர் இவ்வேலையைச் செய்க. நெருக்கமான இடத்திற் பிடுங்காது கத்தரிக்கோலால் அடியில் வெட்டினால், நிற்கும் செடியின் வேர் அசையாது. முடிந்ததும் மண்ணை விரலால் அணைத்து விடுக.

நீரும் பசளையும்

செடி நிலைத்த பின்னர் நாள்தோறும் மேலாகத் தெளிப்பதிலும், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை வேர் வரை நனைய வார்ப்பது நன்று. சாடி விரைவிற் காயுமாதலால் விரலை ஓரங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரமின்றேல் அன்றே வார்க்க. பல நாள் காயவிட்டுப் பின்னர் ஒரேயடியாக நீர் வார்த்தாற் கிழங்கு வெடிக்கும். கிழங்கு திரளும் கடைசி மூன்று வாரத்தில் இதனைச் சிறப்பாகக் கவனிக்க.

தழைச்சத்தை மிகையாக இடுவோர் இலையையே அறுவடை செய்வர். யூரியாவை அள்ளி வீசுதல் கரட்டுக்கு உதவாது. கிழங்குக்குச் சாம்பற்சத்து வேண்டும. வயலிற் பயிரிடுவோர் தம் மண்ணுக்கேற்ற பசளையளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து இடுதல் சிக்கனமாகும். சாடியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி அரித்த கூட்டெருவைச் சால்களுக்கிடையே தூவி, அதனாற் கிழங்கின் தோளை மூடிவிட்டாற் போதும். மண்ணுக்கு வெளியே தெரியும் தோள் வெயில் பட்டுப் பச்சையாகிக் கசக்கும். உருண்டை இனம் மேலேயே திரளுவதால், மண் அணைத்தலை இருமுறையாவது செய்தல் வேண்டும்.

பீடைகளும் நோய்களும்

வெட்டுப்புழு இரவில் வந்து நாற்றை அடியில் அறுக்கும். காலையிற் சாய்ந்த நாற்றின் அருகே மண்ணைக் கிளறினாற் சுருண்டு கிடக்கும் புழுவைப் பிடித்து அழிக்கலாம். நத்தைகளை மாலையிலும் அதிகாலையிலும் பொறுக்கி அழிப்பது பயன் தரும். மலைப்பகுதிகளிற் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் ஒரே இரவில் பாத்தியை வெறுமையாக்கும். வீட்டையொட்டிய சாடிகளுக்கு இவ்வச்சம் குறைவு.

இலையோரம் கருகிப் பழுப்பாகும் இலைக்கருகல் நோய், இலை நெடுநேரம் ஈரமாயிருக்கும் காலத்திற் பரவும். மாலையில் இலைமேல் நீர் தெளிப்பதை நிறுத்தி, செடிகளை ஐதாக்கி, நோயுற்ற இலைகளை அகற்றுக. தேங்கிய நீரிற் கிழங்கு மென்னழுகல் கொள்ளும். அதற்கு வடிகாலே மருந்து.

வேர்களில் மணிமணியாக முடிச்சுகள் காணப்பட்டால் அது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலையாகும். அப்பாத்தியில் மீண்டும் கரட்டையோ, தக்காளியையோ விதைத்தல் கூடாது. நீர் தேக்கி நெல் விளைவித்த வயலில் இப்புழு குறைந்து காணப்படும். நெல்லுக்குப் பின் கரட் என்னும் சுழற்சியின் நன்மைகளுள் இதுவுமொன்று. கொத்தமல்லியும் வல்லாரையும் கரட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை நின்ற இடத்தில் உடனே கரட்டை விதையாதிருத்தல் நன்று. சாடி மண்ணையும் ஒவ்வொரு பயிருக்குப் பின்னும் வெயிலிற் பரப்பி உலர்த்தி, வேறொரு பயிருக்குப் பயன்படுத்துக.

அறுவடையும் உபயோகமும்

விதைத்த 55ஆம் நாள் முதல் தோள்மண்ணை விரலால் விலக்கிப் பார்க்க. ஓரங்குலத்துக்கு மேற் திரண்டவற்றை முதலில் எடுத்து, ஏனையவற்றை விட்டுவைக்கலாம். இவ்வாறு ஒரே பெட்டியிலிருந்து இரண்டு மூன்று வாரம் கறிக்கு எடுக்க முடியும். பெரிதாகட்டும் என்று நெடுநாள் விட்டால் நடுத்தண்டு கடினமாகி, கிழங்கு வெடித்து, இனிப்பும் குறையும்.

பிடுங்கியதும் இலையை ஓரங்குலம் விட்டு வெட்டிவிடுக. இலை இருக்கும் வரை கிழங்கின் நீரை இழுத்துக்கொண்டேயிருக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிற் சட்டியில் ஈரமணலிடையே புதைத்து நிழலில் வைத்தாற் சில நாள் வாடாது. தோல் மெல்லியதாதலாற் சீவ வேண்டியதில்லை. கழுவித் தேய்த்தாற் போதும். முழுதாகவே பால்கறி ஆக்கலாம். இளம் இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவோடு வறை செய்யலாம். கரட்டிலுள்ள கரோற்றீன் உடலில் விற்றமின் ஏ ஆக மாறும்; கண்பார்வைக்கும் நோயெதிர்ப்புக்கும் அது வேண்டும். சிறிது எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்துச் சமைத்தால் அச்சத்து உடலிற் சேர்வது மிகும். சிறுவர் உருண்டைக் கரட்டைக் கறியாகும் முன்னரே கழுவித் தின்றுவிடுவதும் உண்டு. அதனைத் தடுக்க வேண்டியதில்லை. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு மட்டும் முழு உருண்டை தொண்டையில் அடைக்கக்கூடுமாதலால், நறுக்கி அவித்துக் கொடுத்தல் வேண்டும்.

வரவு செலவு

2 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள பெட்டியில் 4 அங்குல இடைவெளியில் 3 சால்கள் அமையும். சாலொன்றில் 2 அங்குலத்துக்கு ஒன்றாக 11 அல்லது 12 செடிகள் நிற்கும். ஆக 35 கிழங்குகள் என்று கொள்ளலாம். ஒன்றரை அங்குல விட்டமுள்ள கிழங்கு ஏறக்குறைய 30 கிராம் நிறைகொள்ளும். யாவும் நன்கு விளைந்தாற் பெட்டியொன்றுக்கு ஒரு கிலோகிராம் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது தவறு. இரண்டு வாரத்துக்கொன்றாக நாலு பெட்டிகளை விதைத்து வருவோருக்குப் பருவம் முழுவதும் கறிக்குக் குறைவிராது.

சந்தைக்கென ஏக்கர்க்கணக்கில் உருண்டைக் கரட்டை விதைக்குமாறு நாம் கூறவில்லை. ஒரே அளவு நிலத்தில் நீண்ட இனமே கூடிய நிறை தரும். சந்தை வியாபாரிகளும் அதனையே கேட்பர். வாங்குபவரை முன்னரே உறுதி செய்துகொண்ட பின் மட்டும் விற்பனைக்கு விதைக்க. ஆழமான நல்ல மண் உடையவர் நீண்ட கரட்டையே வளர்த்தல் முறை. ஆனால் கடினப்படையின் மேலும், கற்பாறையின் மேலும், லயத்து வாசலிலும், சீமெந்து முற்றத்திலும் இருப்போர், தமது நிலத்திற் கரட் விளையாது என்று கைவிட வேண்டியதில்லை.

இவ்வாண்டு புதிதாகத் தொடங்குவோர் முழுப் பாத்தியையும் ஒரேயடியாக விதையாது, ஒரு பெட்டியில் மட்டும் விதைத்துப் பார்க்க. முளைக்கும் வரை ஈரத்தைக் காத்தல், காலத்தில் ஐதாக்கல், தோளுக்கு மண் அணைத்தல் ஆகிய மூன்றையும் அப்பெட்டியிற் பழகிக்கொண்டவருக்கு, அடுத்த பருவத்திற் பாத்தி அமைப்பது அரிதன்று. ஐயமுள்ளவிடத்து அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுக.